பத்தாண்டுச் சிறை என்றால் எத்தனை ஆண்டு?

பாலியல் வழக்கு ஒன்றில் தீர்ப்பு வந்த மறுநாள் செய்தித்தாளில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: மூன்று பிரிவுகளில் முறையே 20, 10, 5 ஆண்டுகள் கடுங்காவல், தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும். தலைப்பில் ‘35 ஆண்டு சிறை’ என்று கொட்டை எழுத்தில் கூட்டிப் போட்டிருப்பார்கள். குற்றவாளிக்கு விதிக்கப்பட்டது 20 ஆண்டுதான். ‘ஏககாலத்தில்’ என்ற ஒரே சொல் மற்ற 15 ஆண்டுகளையும் அந்த 20க்குள் அடக்கிவிடுகிறது. கைதான நாளிலிருந்து தீர்ப்பு வரை மூன்று ஆண்டு அவர் விசாரணைக் கைதியாக உள்ளே இருந்திருந்தால் அதுவும் கழியும், மீதி 17. சிறையில் ஒழுங்காக நடந்துகொள்வதற்குக் கிடைக்கும் நாள் கழிவு அதற்கு மேல்.

இந்தியாவில் பாலியல் குற்றங்களுக்குத் தண்டனை குறைவா என்று கேட்பவரிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எந்த எண்ணைச் சொல்கிறீர்கள் என்பதைத்தான். சட்டப் புத்தகத்தில் ஓர் எண் இருக்கிறது. நீதிபதி வாசிப்பது இன்னோர் எண். சிறைக் கதவு திறக்கும் நாளில் கணக்கிட்டால் வருவது மூன்றாவது எண். இவற்றுக்கெல்லாம் முன்னால், நூறு வழக்குகளில் எத்தனை தண்டனை வரைக்கும் வந்து சேர்கின்றன என்ற எண்ணும் உண்டு. முதல் எண் இன்று குறைவாக இல்லை, பல இடங்களில் மிகக் கடுமையாகவே இருக்கிறது என்பது என் கருத்து. நம் கோபத்துக்குக் காரணமான குறை மற்ற மூன்றில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பெரிய வழக்குக்குப் பிறகும் நாம் உயர்த்துவது முதல் எண்ணைத்தான்.

சட்டத்தில் இருக்கும் எண்

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் வன்புணர்வுக்கு அதிகபட்சத் தண்டனை இருந்தது, குறைந்தபட்சம் இல்லை. ஆயுள் தண்டனையும் தரலாம், சில மாதங்களோடும் விடலாம், நீதிபதியின் விருப்பம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இப்படியே ஓடியது.

அதை அசைத்தது மகாராஷ்டிரத்தில் 1972இல் ஒரு காவல் நிலையத்துக்குள் பழங்குடிச் சிறுமி ஒருத்திக்கு நடந்த கொடுமை. குற்றம் சாட்டப்பட்ட காவலர் இருவரையும் 1978இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. சிறுமியின் உடலில் காயம் இல்லை, அவள் கூச்சலிடவில்லை, ஆகவே சம்மதித்திருக்க வேண்டும் என்று போனது அந்தத் தீர்ப்பின் தர்க்கம். சட்டப் பேராசிரியர்கள் நால்வர் 1979இல் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். நாடு முழுக்கப் பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. 1983இல் சட்டம் திருத்தப்பட்டு வன்புணர்வுக்கு ஏழு ஆண்டும், காவலில் இருக்கும் பெண்ணிடம் காவலர் செய்வது, கூட்டு வன்புணர்வு போன்றவற்றுக்குப் பத்து ஆண்டும் குறைந்தபட்சம் ஆயின. ஆனால் ஒரு சந்தும் விடப்பட்டது: ‘போதுமான, சிறப்பான காரணங்கள்’ இருந்தால் நீதிபதி இதற்குக் கீழேயும் தரலாம். அந்தச் சந்துக்குப் பிறகு வருகிறேன்.

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்ததற்குப் பின் சட்டத்தை எப்படித் திருத்தலாம் என்று பரிந்துரைக்க நீதிபதி வர்மா குழு அமைக்கப்பட்டது. 2013 திருத்தத்தில் அந்தச் சந்து மூடப்பட்டது. கூட்டு வன்புணர்வுக்கு 20 ஆண்டு குறைந்தபட்சம் வந்தது. எது வன்புணர்வு என்ற வரையறையும் விரிந்தது. அதுவரை ‘மானபங்கம்’ என்ற சிறு பிரிவில் அடைபட்ட பல செயல்கள் வன்புணர்வாகவே கருதப்படலாயின. என்னைக் கேட்டால், ஆண்டுக் கணக்கை உயர்த்தியதைவிட இந்த வரையறை மாற்றம்தான் பெரிய காரியம். அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம்.

2018இல், சிறுமிகளுக்கு நடந்த கொடுமைகள் பற்றிய கதுவா, உன்னாவ் வழக்குகளின் கொந்தளிப்பில் ஏழு ஆண்டு பத்தாயிற்று. 16 வயதுக்குக் கீழுள்ள சிறுமி என்றால் 20 ஆண்டு. 12 வயதுக்குக் கீழ் என்றால் 20 ஆண்டில் தொடங்கித் தூக்கு வரை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் 2019இல் இதே போக்கில் இறுக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது இந்த எண்கள் பெரும்பாலும் அப்படியே 64, 65, 70 ஆகிய பிரிவுகளுக்குக் குடிபெயர்ந்தன. 18 வயது நிரம்பாத பெண்ணைக் கூட்டு வன்புணர்வு செய்தால் வாழ்நாள் முழுக்கச் சிறை அல்லது மரண தண்டனை என்பது அதில் சேர்ந்தது.

வயது வந்த பெண்ணை வன்புணர்வு செய்தவருக்குப் பத்து ஆண்டுக்குக் கீழே நீதிபதியால் இறங்கவே முடியாது என்பது உலக அளவில் மென்மையான சட்டம் இல்லை. இங்கிலாந்தில் இதே குற்றத்துக்குச் சட்டப்படி அதிகபட்சம் ஆயுள். ஆனால் அங்குள்ள தண்டனை வழிகாட்டி நான்கு ஆண்டிலிருந்து 19 ஆண்டு வரை என்று படிப்படியாகப் பிரிக்கிறது. நம் சட்டம் தொடங்கும் இடமே பத்து. (கணவன் மனைவியிடம் செய்வது மட்டும், மனைவிக்கு 18 வயது நிரம்பியிருந்தால், வன்புணர்வு என்ற வரையறைக்குள்ளேயே வராது. அங்கே தண்டனை கூடுதலா குறைவா என்ற கேள்விக்கே இடமில்லை.)

சிறிய பிரிவுகள்

வன்புணர்வை விட்டுக் கீழே இறங்கினால் காட்சி மாறுகிறது. தொடக்கூடாத இடத்தில் தொடுவது, பின்தொடர்வது, மறைந்திருந்து படமெடுப்பது ஆகியவை பெண்கள் நாள்தோறும் சந்திப்பவை. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கத்தோடு தாக்கினால் ஓராண்டிலிருந்து ஐந்தாண்டு. பாலியல் தொல்லைக்கு மூன்றாண்டு வரை. ஆபாசப் பேச்சு மட்டும் என்றால் ஓராண்டு வரை. பின்தொடர்வதற்கு முதல் முறை மூன்றாண்டு வரை, மறுமுறை ஐந்தாண்டு வரை. ‘வரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். குறைந்தபட்சம் எழுதப்படாத பிரிவுகள் சிலவற்றில் அபராதத்தோடு அனுப்பிவைப்பதற்கும் சட்டத்தில் இடம் உண்டு.

2013க்கு முன் நிலைமை இன்னும் மோசம். மானபங்கத்துக்கு அதிகபட்சமே இரண்டு ஆண்டு. 1988இல் சண்டிகரில் ஒரு விருந்தில், பெண் ஐஏஎஸ் அதிகாரி ஒருவரிடம் அன்றைய பஞ்சாப் காவல்துறைத் தலைவர் முறைகேடாக நடந்துகொண்டார். விசாரணை நீதிமன்றம் தந்தது மூன்று மாதச் சிறை. மேல்முறையீட்டில் அது நன்னடத்தை விடுவிப்பாகவும் அபராதமாகவும் சுருங்கியது. 2005இல் உச்ச நீதிமன்றம் அதையே உறுதிசெய்தது. புகார் தந்தவர் மூத்த அதிகாரி. பதினேழு ஆண்டு வழக்காடும் வசதியும் உறுதியும் அவருக்கு இருந்தன. குற்றவாளி ஒரு நாள்கூட அந்தத் தண்டனைக்காகச் சிறையில் கழிக்கவில்லை.

இந்தச் சிறிய பிரிவுகளின் செயல்களை நம் செய்தித்தாள்கள் ‘சில்மிஷம்’, ‘சீண்டல்’ என்று எழுதும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றத்துக்குக் குழந்தைக் குறும்பின் பெயர்.

சந்து ஏன் மூடப்பட்டது

‘போதுமான, சிறப்பான காரணங்கள்’ என்று 1983 சட்டம் விட்ட இடத்துக்கு வருவோம். முப்பது ஆண்டுகளில் அதற்குள் என்னென்னவோ நுழைந்தன. குற்றவாளி இளைஞர், வயதான பெற்றோர் இருக்கிறார்கள், சம்பவம் நடந்து பல ஆண்டு ஆகிவிட்டது, அந்தப் பெண்ணுக்கும் திருமணமாகிக் குடும்பமாக இருக்கிறாள். 2011இல் பஞ்சாபின் கூட்டு வன்புணர்வு வழக்கு ஒன்றில், இரு தரப்பும் சமரசமாகிவிட்டன என்ற காரணத்தையும் ஏற்று, பத்து ஆண்டுத் தண்டனையை அதுவரை அனுபவித்த சுமார் மூன்றரை ஆண்டாக உச்ச நீதிமன்றமே குறைத்தது.

சமரசம் என்ற அந்தச் சொல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 2015 ஜூனில், சிறுமியை வன்புணர்வு செய்ததாகத் தண்டிக்கப்பட்டவருக்குச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் இடைக்கால ஜாமீன் தந்து, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசப் பேச்சுக்குப் போகச் சொன்னார். அடுத்த மாதமே, வேறொரு வழக்கில், வன்புணர்வில் சமரசம் என்ற எண்ணமே தவறு என்று உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. ஆக, நீதிபதியின் விருப்பத்தைக் கட்டிப்போட வேண்டும் என்று கேட்டவர்கள் வெறும் ஆத்திரத்தில் கேட்கவில்லை. அவர்களிடம் இப்படியான தீர்ப்புகளின் அடுக்கே இருந்தது.

ஆனால் கட்டிப்போட்ட கை எல்லா வழக்கிலும் கட்டுண்டே கிடக்கும். போக்சோவில் இது நன்றாகத் தெரிகிறது. பதினைந்து வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலித்து வீட்டை விட்டுப் போகிறார்கள். பெண்ணின் பெற்றோர் புகார் தருகிறார்கள். சட்டத்தின் பார்வையில் அவள் குழந்தை. அவளுடைய சம்மதத்துக்கு மதிப்பில்லை. உறவு நிரூபணமானால் குறைந்தபட்சம் 20 ஆண்டு. ஒரு குழந்தையைக் கடத்திச் சிதைத்தவனுக்கும் அவனுக்கும் தொடக்க எண் ஒன்றே. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் இத்தகைய ஒரு வழக்கை ரத்துசெய்தபோது, வளரிளம் பருவத்தினரின் காதலைத் தண்டிப்பதற்காக வந்த சட்டம் இதுவல்ல என்று எழுதியது.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இன்னும் சிக்கலான முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்தது. மேற்கு வங்கத்தில் 14 வயதுச் சிறுமியோடு உறவுகொண்டு பின்னர் அவளை மணந்தவரின் வழக்கு. அவர் குற்றவாளி என்ற முடிவை நீதிமன்றம் மாற்றவில்லை. ஆனால் அந்தப் பெண்ணை அதிகம் வாட்டியது அந்தக் குற்றத்தைவிட அதற்குப் பின் வந்த வழக்கும் சட்ட நடைமுறையும்தான் என்று கண்டு, அரசமைப்பின் 142ஆவது உறுப்பு தரும் தனி அதிகாரத்தைக் கொண்டு சிறைத் தண்டனை வேண்டாம் என்றது. அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. மாவட்ட நீதிபதிக்கு அதே வழக்கு வந்தால் இரண்டே வழிதான்: குறைந்தபட்சத் தண்டனையை முழுதாகத் தருவது, அல்லது சாட்சியத்தில் ஓட்டை தேடி விடுதலை செய்வது. குறைந்தபட்சத்தை ஏற்ற ஏற்ற இரண்டாவது வழியின் ஈர்ப்பும் கூடும் என்பதே சட்டத் துறையில் பலரின் அச்சம்.

குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் நடுவில் நீதிபதி எந்த எண்ணில் நிற்க வேண்டும்? தீர்ப்புக்குப் பிறகு, தண்டனை பற்றி மட்டும் இரு தரப்பையும் தனியாகக் கேட்க வேண்டும் என்று விசாரணை நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் எழுதப்பட்ட அளவுகோல் இந்தியாவில் இல்லை. குற்றவியல் நீதி முறையின் சீர்திருத்தத்தை ஆராய்ந்த மலிமத் குழு 2003இலேயே இப்படி ஒன்று வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றமும் இந்தக் குறையைச் சுட்டியிருக்கிறது. இங்கிலாந்தின் வழிகாட்டியில், குற்றம் எவ்வளவு தீங்கு விளைவித்தது, குற்றவாளி எவ்வளவு திட்டமிட்டார், நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்தினாரா என்று ஒவ்வொன்றுக்கும் படிகள் உண்டு. படி மாறினால் ஆண்டும் மாறும், ஏன் மாற்றினேன் என்று நீதிபதி சொல்ல வேண்டும். இங்கே ஒரே மாதிரியான இரண்டு வழக்கில் ஒருவருக்குப் பத்து ஆண்டும் மற்றவருக்கு ஆயுளும் கிடைத்தால், அந்த வேறுபாட்டை அளந்து பார்க்கப் பொதுவான கோல் எதுவும் கிடையாது.

உள்ளே போன பிறகு

‘ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு’ என்பது நம் ஊரில் படித்தவர்களும் சொல்லும் தவறு. ஆயுள் என்றால் ஆயுள்தான். உச்ச நீதிமன்றம் 1961லேயே இதைச் சொல்லிவிட்டது. தண்டனையைக் குறைத்து வெளியே விடும் அதிகாரம் அரசுக்கு உண்டு. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றங்களில் ஆயுள் பெற்றவரை, அப்படிக் குறைத்தாலும், 14 ஆண்டு முடியாமல் விடக்கூடாது. அவ்வளவுதான் அந்த 14. அரசுக்கு அது ஒரு தடை. கைதிக்கு அது உரிமை ஆகாது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் இப்போது சில பிரிவுகளில் ‘இயற்கையான வாழ்நாளின் எஞ்சிய காலம் முழுவதும்’ என்று சட்டமே விரித்து எழுதுகிறது. செய்தித்தாள்களின் ‘சாகும்வரை ஆயுள்’ இதைத்தான் குறிக்கிறது. பொள்ளாச்சி பாலியல் வழக்கில் 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குத் தந்தது அத்தகைய தண்டனை.

அரசின் இந்த அதிகாரம் எப்படிப் பயன்படலாம் என்பதற்கு 2022 ஆகஸ்ட் 15 நினைவிருக்கும். 2002 குஜராத் கலவரத்தில் கூட்டு வன்புணர்வுக்கும் கொலைகளுக்கும் ஆயுள் தண்டனை பெற்ற பதினொரு பேரைக் குஜராத் அரசு அன்று விடுவித்தது. வெளியே மாலையும் இனிப்பும் காத்திருந்தன. விடுவிக்கும் அதிகாரமே குஜராத்துக்குக் கிடையாது, வழக்கை விசாரித்துத் தண்டித்த மகாராஷ்டிரத்துக்குத்தான் உண்டு என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துசெய்து, அவர்களை மீண்டும் சிறைக்கு அனுப்பியது. நீதிபதி எவ்வளவு கடுமையாக எழுதினாலும், கடைசிப் பக்கத்தை எழுதுவது ஒரு அரசு அலுவலகமாக இருக்கக்கூடும்.

தண்டனை வரை வராதவர்கள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் பதிவான வன்புணர்வு வழக்குகள் 31 ஆயிரத்துக்கும் மேல். அந்த ஆண்டு நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்த வன்புணர்வு வழக்குகளில் தண்டனையில் முடிந்தவை சுமார் 27 விழுக்காடு. நான்கில் மூன்றுக்குச் சற்றுக் குறைவானவற்றில் யாருக்கும் தண்டனை இல்லை. அப்படி விடுதலையான ஒவ்வொருவரும் குற்றவாளி என்று பொருள் கொள்ளக்கூடாது. அதே வேளையில், தாமதமான மருத்துவப் பரிசோதனை, அரைகுறைப் புலனாய்வு, ஊரார் நெருக்கடியில் பிறழ் சாட்சியாகிப்போன தாய் என்று வழக்குகள் உதிரும் விதம் நீதிமன்ற வாசலில் நிற்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததே.

குற்றம் சாட்டப்படுபவர் பெரும்பாலும் தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், ஆசிரியர், காதலர். ‘வெளியே சொன்னால் மாமாவைத் தூக்கில் போட்டுவிடுவார்கள்’ என்று ஒரு குழந்தையிடம் குடும்பமே சொல்லும் நிலையில், கடுமையான தண்டனை அந்தக் குழந்தையின் வாயைத் திறக்குமா, அடைக்குமா? கொலைக்கும் வன்புணர்வுக்கும் ஒரே தண்டனை என்றால், சாட்சியை உயிரோடு விட்டுவைக்கக் குற்றவாளிக்கு என்ன காரணம் மிஞ்சும்? மரண தண்டனையை வர்மா குழு பரிந்துரைக்க மறுத்தது. நாடே தூக்கு கேட்டுக் கொதித்த 2013 ஜனவரியில் அப்படி எழுதுவதற்குத் துணிவு வேண்டும். நாடாளுமன்றம் அந்தப் பகுதியை ஏற்கவில்லை.

கூடுதல் தண்டனை கேட்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தண்டனை குற்றவாளியை அச்சுறுத்த மட்டும் இல்லை. நடந்தது எவ்வளவு பெரிய தீங்கு என்று சமூகம் பாதிக்கப்பட்டவரிடம் சொல்லும் விதமும் அதுதான். அவர் பத்து ஆண்டு பயமில்லாமல் தெருவில் நடக்கலாம் என்ற உறுதியும்தான். அந்த வகையில் எண்ணுக்குப் பொருள் இருக்கிறது. அச்சுறுத்தல் என்று வரும்போது மட்டும், பிடிபடுவேன் என்ற உறுதியே முதலில் வேலை செய்யும். எத்தனை ஆண்டு என்பது பிறகு.

தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டைத் தேடுதல் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக்காரர்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வு செய்யப்பட்டார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, ஊரே சிறைக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பரில் தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. வன்புணர்வுக்குத் தண்டிக்கப்பட்ட பதினேழு பேருக்கும் பத்து ஆண்டு வரையிலான சிறை. மேல்முறையீடுகளைத் தள்ளி, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தோரு ஆண்டுக்குப் பிறகு. அந்தப் பத்து ஆண்டு குறைவா? இருக்கலாம். ஆனால் இருபது ஆண்டு என்று எழுதியிருந்தாலும் அந்த 54 பேருக்கு அது எட்டியிருக்காது. வன்புணர்வு வழக்கின் புலனாய்வை இரண்டு மாதத்திலும், குற்றப்பத்திரிகைக்குப் பின் விசாரணையை இரண்டு மாதத்திலும் முடிக்க வேண்டும் என்று இன்றைய சட்டம் சொல்கிறது. சென்னையில் 2024 டிசம்பரில் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த வன்புணர்வுக்கு 2025 மே இறுதியில் தீர்ப்பும் ஜூன் தொடக்கத்தில் தண்டனையும் வந்ததைப் பார்த்தோம். முடியாத காரியம் இல்லை. அரிதாகவே முடிகிறது, அவ்வளவே.

தண்டனை குறைவு என்று தோன்றினால்

கடைசியாக, இந்தக் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புள்ள, ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு விதி. குற்றவாளிக்குத் தந்த தண்டனை போதாது என்று மேல்முறையீடு செய்ய அரசுக்கு உரிமை உண்டு. பாதிக்கப்பட்டவருக்கும் மேல்முறையீட்டு உரிமை இருக்கிறது, மூன்று சூழலில்: குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானால், சிறிய பிரிவில் மட்டும் தண்டிக்கப்பட்டால், இழப்பீடு குறைவாக இருந்தால். தண்டனைக் காலம் குறைவு என்பது அந்தப் பட்டியலில் இல்லை. 2020இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது; புதிதாக வந்த விசாரணை நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் பழைய வாசகத்தையே வைத்துக்கொண்டது. அரசு வழக்கறிஞர் சும்மா இருந்துவிட்டால் பாதிக்கப்பட்டவருக்கு எஞ்சுவது உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு என்ற சுற்றுவழி.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், வன்புணர்வு போன்ற கடுங்குற்றத்தில் ஒரு தண்டனை தகாத அளவுக்குக் குறைவு என்று கருதும் எவரும், வழக்கோடு தொடர்பே இல்லாத வாசகர்கூட, 28 நாளுக்குள் அரசின் தலைமை வழக்கறிஞருக்கு எழுதலாம். அவர் சரியென்று கண்டால் வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். அப்படிப் போய்க் கூடிய தண்டனைகளும் உண்டு, மாறாமல் திரும்பியவையும் உண்டு. நம் சட்டத்தின் அந்த மூன்று சூழல்களோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்க ஒரே ஒரு வரி போதும். 2013, 2018, 2019, 2024 என்று இத்தனை முறை சட்டங்களைத் திறந்து ஆண்டுகளைக் கூட்டியபோது, அந்த வரியை யாரும் எழுதவில்லை.